மழையில் ஆற்றோர ஊர்கள் வழியாக இருவர் பைக்கில் போவதற்கு

முதலில் தூரத்தைக் குறையுங்கள். வெயில் நாளில் 300 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்கள் இந்தப் பயணத்துக்கு 150-க்கு மேல் கணக்குப் போடக் கூடாது. வேகம் குறைவது ஒரு காரணம். ஆற்றோரச் சாலையில் ஒரு பாலம் மூடிக் கிடந்தால் அடுத்த பாலத்துக்குச் சுற்றிப் போயாக வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம். அதனால் வரைபடத்தில் இரண்டு கரைகளிலும் போகும் சாலைகளையும், கடக்கக்கூடிய எல்லாப் பாலங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர்களை வரிசையாக ஒரு தாளில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். கொட்டும் மழையில் போனின் தொடுதிரை விரலுக்கும் துளிக்கும் வித்தியாசம் தெரியாமல் தடுமாறும்.

மழை நின்றுவிட்டது, இனி ஆறு இறங்கிவிடும் என்று நினைப்பது தப்புக் கணக்கு. மேட்டில் பெய்த தண்ணீர் கீழே வந்து சேர மணிக்கணக்கில் ஆகும், பெரிய ஆறுகளில் நாள்கணக்கிலும் ஆகும். நல்ல வெயில் அடிக்கும்போதே தரைப்பாலம் முங்கும். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்குவது, செத்தையும் மரக்கிளையும் மிதந்து வருவது, நுரை கூடுவது இவையெல்லாம் ஆறு ஏறுவதற்கான அடையாளங்கள். அன்றைய நிலவரத்தைப் படகு ஓட்டுபவரிடமும் பஸ் டிரைவரிடமும் கேளுங்கள்.

வண்டியைத் தயார் செய்தல்

டயர்தான் முதல் வேலை. டயரில் தண்ணீரைத் தள்ளும் பள்ளத்தின் ஆழம், அதாவது பட்டன் ஆழம், 2 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால், சட்டம் அனுமதித்தாலும், மழைக்கு அது போதாது. பின் டயரின் நடுப்பகுதி முதலில் தேயும், அங்கேதான் அளக்க வேண்டும். மழையில் பிடிமானம் கூடும் என்று சிலர் காற்றைக் குறைப்பார்கள். அது நேர்மாறான பலனைத் தரும்: காற்று குறைந்தால் டயரின் பள்ளங்கள் நெருங்கிப்போய்த் தண்ணீரை வெளியே தள்ள முடியாது. கம்பெனி சொன்ன அளவை அப்படியே வையுங்கள். ஒரே வண்டியில் இருவர் போனால், பின்னால் ஆள் இருக்கும்போது பின் டயருக்குத் தரப்பட்ட அளவை வையுங்கள்.

பிரேக் பேடில் 2 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். சேற்றில் இருக்கும் மணல் பேடை வேகமாகத் தின்றுவிடும். பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள். சாமானில் பஞ்சர் கிட், ஸ்பார்க் பிளக் கழற்றும் ஸ்பேனர், உதிரி பிளக் ஒன்று, ஃபியூஸ், கிளட்ச் கேபிள், கேபிள் டை, உலர்ந்த பருத்தித் துணி இருக்க வேண்டும். ஹெல்மெட்டின் முன் கண்ணாடியான வைசரைத் துடைக்கத் தனித் துணி. எண்ணெய் பட்ட துணியால் துடைத்தால் இரவில் எதிர் விளக்கு ஒவ்வொன்றும் கண்ணைக் கூச வைக்கும்.

உடையும் மூட்டையும்

போஞ்சோ மாதிரி தொங்கும் மழையாடை வேண்டவே வேண்டாம். அதன் ஓரம் செயினிலோ பின் சக்கரத்திலோ சிக்கும். சட்டையும் பேன்ட்டும் தனித்தனியாக உள்ள ரெயின்கோட்டை, உள்ளே ஜாக்கெட் போட்டபடியே போட்டுப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் முதலில் புகுவது கவட்டைத் தையலில். அங்கே உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். பேன்ட் ஷூவுக்கு மேலே விழ வேண்டும், கையுறையின் வாய் கோட்டுக் கைக்கு உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் கையில் வழியும் தண்ணீர் நேராகக் கையுறைக்குள் இறங்கும்.

வைசரின் உள்பக்கம் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு தேய்த்து, காய்ந்ததும் பளபளப்பு வரும்வரை துடைத்தால் பல மணி நேரம் மூச்சாவி படியாது. பை எவ்வளவு நீர்புகாதது என்று விற்றாலும், உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை ஒன்று போட்டு வாயை மூன்று சுருட்டுச் சுருட்டிக் கட்டுங்கள். எடையுள்ளதெல்லாம் கீழே, வண்டியின் நடுவை ஒட்டி இருக்கட்டும்.

ஓட்டும்போது

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் மோசமானவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நனைந்து மேலே வரும். அந்த நேரத்தில் ஓரமாக நின்று கோட்டைப் போடுவது புத்திசாலித்தனம். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, பாலத்தின் இணைப்புப் பட்டை, தண்டவாளம், டிராக்டர் சக்கரம் கொட்டிப்போன களிமண் இவை எதன் மேலும் வண்டியைச் சாய்க்கவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. நேராகக் கடந்துவிடுங்கள். பிரேக்கை இரண்டையும் சேர்த்து, மெல்ல ஆரம்பித்துப் படிப்படியாக இறுக்குங்கள். முன் வண்டிக்கும் உங்களுக்கும் குறைந்தது 4 விநாடி இடைவெளி. நீண்ட பாலத்தில் ஏறியதும் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், வேகத்தைக் குறையுங்கள்.

இரண்டு வண்டிகள் என்றால் மெதுவாக ஓட்டுபவர் முன்னால் போகட்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் போனவர், பின்னவர் கண்ணாடியில் தெரியும்வரை நிற்க வேண்டும். இந்த ஒரு விதி இருந்தால் போனே தேவைப்படாது. ஒரே வண்டி என்றால் பின்னால் இருப்பவருக்கும் வேலை உண்டு: தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு என்றால் நிறுத்து. கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காற்றும் ஈரமும் சேர்ந்தால் உடல் சூடு சீக்கிரம் இறங்கும். ஸ்விட்சைத் தேடி விரல் தடுமாற ஆரம்பித்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது.

தண்ணீரைக் கடத்தல்

ஓடும் தண்ணீரையும் தேங்கிய தண்ணீரையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் தண்ணீரே நிற்கும் ஆளைத் தள்ளிவிடும். தரைப்பாலத்தின் மேல் ஆறு ஓடினால் திரும்பிவிடுங்கள். எதிரே லாரி கடந்து வந்தது உங்களுக்குச் சான்றிதழ் ஆகாது.

தேங்கிய தண்ணீரில், சக்கரத்தின் அச்சு முங்காத ஆழம் வரை சாதாரண பைக் போகலாம். ஒருவர் ஷூ போட்டபடியே கம்பால் தட்டித் தட்டி, வண்டி போகப்போகும் தடத்திலேயே நடந்து பார்க்கட்டும், மற்றவர் கரையில் நிற்கட்டும். பின்னால் உட்கார்ந்தவர் இறங்கி நடக்க வேண்டும். எதிரே பெரிய வண்டி வந்தால் அது கிளப்பும் அலை அடங்கும்வரை பொறுங்கள். முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரைச் சற்றுக் கூட்டி வைத்து, வேகத்தைக் கிளட்சால் கட்டுப்படுத்துங்கள். நடுவில் ஆக்ஸிலரேட்டரை விடாதீர்கள். சைலன்சரில் இருந்து வெளியேறும் புகை தளர்ந்தால் தண்ணீர் உள்ளே ஏறும். கரையேறியதும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். டிரம் பிரேக் காய டிஸ்க்கைவிட அதிக நேரம் எடுக்கும்.

நடுவில் நின்றுவிட்டால் செல்ஃப் போடவே கூடாது. தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் அது இருக்கும்போது எஞ்சினைச் சுழற்றினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளையும், செலவு அங்கேதான். தள்ளிக் கரையேற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் இருக்கும் வடிகுழாயின் மூடியைக் கழற்றுங்கள். தண்ணீர் வடிந்தால் ஃபில்டர் நனைந்திருக்கும், அதையும் வெளியே எடுங்கள். பிளக்கைக் கழற்றி, பிளக் கேப்பை ஓட்டையிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, சில நொடி சுழற்றினால் உள்ளிருக்கும் தண்ணீர் பீய்ச்சி வெளியேறும். பிறகு ஆயிலைப் பாருங்கள். வெளிறிப் பால் நிறமாகியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

படகில் வண்டி ஏற்றுவதானால் சாய்தளத்தில் நேராக, ஒரே வேகத்தில் ஏறுங்கள். நனைந்த பலகையில் திருப்பினால் விழுவது உறுதி. ஏறியதும் எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, முன் பிரேக்கை ரப்பர் பட்டையால் கட்டி, ஒருவர் வண்டியைப் பிடித்தபடி நில்லுங்கள்.

இருட்டுவதற்கு முன்

தங்கும் இடத்தை மேட்டில் பாருங்கள். தெருச் சுவர்களில் இடுப்புயரத்தில் ஒரே கோடாகப் பழுப்புக் கறை தெரிந்தால், பழைய வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. வண்டியைப் படித்துறையிலும் மரத்தடியிலும் விடாதீர்கள். ஈர மண்ணில் சைடு ஸ்டாண்டு மெல்லப் புதைந்து நள்ளிரவில் வண்டி சாயும். அடியில் தட்டையான கல்லோ நசுக்கிய டின்னோ வையுங்கள்.

அறைக்குப் போவதற்கு முன்பே செயினைக் கவனியுங்கள், அது சூடாக இருக்கும்போதுதான் எண்ணெய் உள்ளே இறங்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சேற்றைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்து, கீழ்ச் செயினின் உள்பக்கம் செயின் எண்ணெய் அடியுங்கள். ஓ ரிங் செயினுக்கு, அதாவது இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ள செயினுக்கு, பெட்ரோல் ஆகாது, ரப்பர் கெடும். ஷூவின் உள்ளட்டையை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். முதல் தாள் ஒரு மணி நேரத்தில் ஊறிவிடும், மாற்ற வேண்டும். தோல் கையுறையை ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் காலையில் விறைத்துப் போய்க் கை நுழையாது. காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் போதும். அது அரைகுறை ஈரமாக இருந்தாலும் போட்டுக்கொள்ளலாம்.