நோட்டில் பிளஸ், போனில் மைனஸ்: டேன் 30 படுத்திய பாடு

தண்டையார்பேட்டையில் பத்தாவது படிக்கும் என் தங்கச்சி, பின்னம், இயற்கணிதம் எல்லாம் சின்னச் சின்ன வீடியோ பாடங்களில் நன்றாகவே கற்றுக்கொண்டாள். முக்கோணவியலில்தான் சிக்கல். 60 மீட்டர் தள்ளி நின்றால் எண்ணூர் பக்கத்துப் புகைபோக்கி ஒன்றின் உச்சி 30 டிகிரி ஏற்றக்கோணத்தில் தெரிகிறது என்று நாங்களே ஒரு கணக்கு போட்டோம். உயரம் கண்டுபிடிக்க 60-ஐ டேன் 30-ஆல் பெருக்கினால், நோட்டில் 34.64 மீட்டர். போன் கால்குலேட்டரிலோ மைனஸ் 384!

வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினோம். அடைப்புக்குறி மாற்றிப் பார்த்தோம். வேறு ஆசிரியரின் பாடமும் பார்த்தாயிற்று. நாள்தான் வீணானது.

கடைசியில் விடை தெரிந்த ஒன்றையே கேட்டுப் பார்த்தேன்: சைன் 90. 1 வர வேண்டியது, 0.894 வந்தது. அப்போதுதான் பொறி தட்டியது, கால்குலேட்டர் டிகிரியில் இல்லை, கோணத்தை அளக்கும் இன்னொரு அலகான ரேடியனில் இருக்கிறது. 30 ரேடியன் என்றால் கிட்டத்தட்ட 1719 டிகிரி. நாலு முழுச் சுற்று போக 279, அதாவது 270-க்கும் 360-க்கும் இடையிலான நான்காம் கால்பகுதி. அங்கே டேன் மதிப்பு மைனஸ். மைனஸ் வந்த காரணம் அதுதான்.

இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. அந்த ஆப்பில் பட்டனில் ‘டிகிரி’ என்று எழுதியிருந்தால், இப்போது டிகிரியில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அழுத்தினால் டிகிரிக்கு மாறும் என்று அர்த்தம். நடப்பு நிலை திரையின் மேல் மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது. அழுத்தினேன், 34.64 வந்துவிட்டது. அப்பாடா!

பொதுத்தேர்வில் கால்குலேட்டர் கிடையாது என்பதால், முதலில் நோட்டு, சரிபார்க்க மட்டும் போன்.