விமானத்தில் போகும் ஏரிக் கபின்: ஆறு பேருக்கு ஐந்து இரவு மீன்பிடிப் பயணம்

ரொறன்ரோவிலிருந்து 11ஆம் நெடுஞ்சாலையில் கொக்ரேன், ஹேர்ஸ்ட் வரை ஓடி, அங்கிருந்து மிதவை விமானத்தில் மட்டுமே போகக்கூடிய ஏரிகள் வடக்கு ஒன்ராறியோவில் ஏராளம். பெரும்பாலும் ஏரிக்கு ஒரு கபின்தான். இரண்டு மூன்று அலுமினிய வள்ளங்கள் நிற்கும், வேறு ஆட்கள் இருக்கமாட்டார்கள். விமானம் இறக்கிவிட்டுத் திரும்பிய பிறகு மறந்த சாமான் மறந்ததுதான். அதனால் பாதி வேலை வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். கீழே உள்ள கணக்கெல்லாம் ஆறு பேருக்கு, ஐந்து இரவுக்கு.

முதலில் எந்த வாரம் என்பது. வடக்கின் பல மீன்பிடி மண்டலங்களில் வோல்ஐ (walleye) என்ற நன்னீர் மீனுக்கான பருவம் மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை திறக்கும். அந்த வாரமே புறப்படுவது நல்லதல்ல. பனி பிந்திக் கரையும் வருடத்தில் விமானம் இறங்கத் தண்ணீர் இருக்காது. ஜூன் முதல் இரண்டு வாரங்களில், முட்டையிட்டு முடித்த மீன் ஆறு வந்து விழும் வாய்களிலும் சிற்றருவிகளின் கீழும் 2 முதல் 4 மீற்றர் ஆழத்தில் நிற்கும். புதிதாகப் போகிறவர்களுக்கு இதுவே சிறந்த காலம். கறுப்பு ஈயும் நுளம்பும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், தலையை மூடும் பூச்சிவலை ஆளுக்கொன்று கட்டாயம். ஓகஸ்ட் கடைசியில் பூச்சி குறைந்துவிடும். ஆனால் மீன் 5 முதல் 8 மீற்றருக்கு இறங்கிவிடும், ஆழமானி இல்லாமல் தேடுவது வீண் அலைச்சல்.

முன்பதிவுப் பணத்தை ஜனவரிக்குள் எல்லோரிடமும் வாங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் ஒருவர் விலகினால் அவருடைய பங்கு மற்றவர்கள் தலையில் விழும். அடுத்த வருடமும் அதே வாரம் வேண்டுமென்றால் திரும்பி வரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். வழக்கமாக வருகிற கூட்டத்திடம்தான் கபின்காரர் முதலில் கேட்பார்.

18 முதல் 64 வயது வரையுள்ள ஒன்ராறியோவாசி ஒவ்வொருவருக்கும் அவுட்டோர்ஸ் கார்டும் (மாகாணம் தரும் அட்டை) மீன்பிடி அனுமதிப்பத்திரமும் வேண்டும். பத்திரம் இரண்டு வகை. பல மண்டலங்களில் ஸ்போர்ட் பத்திரத்துக்கு நான்கு வோல்ஐ, கொன்சர்வேஷன் பத்திரத்துக்கு இரண்டு. அதில் 46 செ.மீ.க்கு மேற்பட்டது ஒன்றுதான் இருக்கலாம். உங்கள் ஏரிக்குத் தனி விதி இருக்கிறதா என்று மாகாண மீன்பிடி விதிச் சுருக்கத்தில் மண்டல எண்ணை வைத்துப் பாருங்கள். இந்த எண்ணிக்கை நாளொன்றுக்கு மட்டும் உரியதல்ல. வீட்டுக் குளிர்பெட்டியில் கிடக்கும் மீனும் கணக்கில் சேரும். எஞ்சின் பூட்டிய வள்ளத்தை ஓட்டுபவருக்கு வள்ளம் ஓட்டும் கார்டும் தேவை. ஒருவரிடம் மட்டும் இருந்தால் ஐந்து நாளும் ஒரு வள்ளம்தான் ஓடும். குறைந்தது மூன்று பேராவது எடுத்துவிடுங்கள்.

விமானத்துக்கான எடையில் ஒளிப்பு மறைப்பு கூடாது. ஆள் எடையும் பொதி எடையும் சேர்த்துத்தான் விமானி கணக்குப் போடுவார். பெரிய கூலர்கள் விமான வாசலால் நுழையாது. 20 கிலோவுக்கு மேற்படாத துணிப் பைகளாகக் கட்டுங்கள்; தூண்டில் தடிகள் இரண்டாகக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். கரடி விரட்டும் ஸ்ப்ரே இருந்தால் ஏறுமுன் விமானியிடம் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் அதை மிதவைக்குள் வைப்பார்கள். ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் அது கசிந்தால் விமானிக்குக் கண் தெரியாமல் போய்விடும். உயிர்காப்பு அங்கியை விமானத்துக்குள் ஊதவே கூடாது. ஊதினால் வாசலால் வெளியே வரமுடியாது.

சாப்பாட்டில் மீன் கிடைக்கும் என்று நம்பி முதல் இரண்டு இரவைத் திட்டமிடாதீர்கள். இறைச்சிக்கறியை வீட்டிலேயே சமைத்து, தட்டையான பைகளில் உறையவைத்தால் வழியில் ஐஸ் கட்டியாகவும் உதவும். ஒரு நேரச் சோற்றுக்கு ஆளுக்கு 110 கிராம் அரிசி. நாளுக்கு ஒரு நேரம் சோறு என்றால் மூன்றரைக் கிலோ போதும், ஐந்து கிலோ கொண்டுபோங்கள். மூடுபனியாலோ காற்றாலோ விமானம் ஒன்றிரண்டு நாள் பிந்துவது வழக்கம். அரிசி, பருப்பு, குடிக்கிற மருந்து எல்லாமே இரண்டு நாள் கூடுதலாக இருக்கவேண்டும். தேங்காய்ப்பால் ரின்னுக்குப் பதில் தேங்காய்ப் பால்மா, கண்ணாடிப் போத்தலுக்குப் பதில் பிளாஸ்ரிக். ஏரித் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் ஒரு நிமிடம் கொதிகொதிக்கவிட்டே குடிக்க வேண்டும்; பீவர்கள் (அணை கட்டும் நீர்விலங்குகள்) உலவும் தண்ணீரில் வயிற்றோட்டம் தரும் ஜியார்டியா கிருமி இருக்கலாம்.

இனித் தூண்டில். ஆறரை அடி நடுத்தர மென்மைத் தடி, 8 றாத்தல் தாங்கும் தங்கூசி, 7 கிராம் ஜிக் (பாரத் தலையுள்ள தூண்டில் முள்), அதில் 8 செ.மீ. மென்பிளாஸ்ரிக் வால்: வோல்ஐக்கு வேறெதுவும் தேவையில்லை. 2 மீற்றருக்குக் குறைந்த தண்ணீரில் 3.5 கிராம். உயிருள்ள சிறுமீன் இரையை, இரைக்கெனப் பிரித்த ஒரு வலயத்திலிருந்து இன்னொரு வலயத்துக்குக் கொண்டுபோகத் தடை உண்டு. உயிரிரைதான் வேண்டுமென்றால் ஏரிக்கு அருகிலுள்ள ஊரில் வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஜிக்கை அடியைத் தொடும்வரை விடுங்கள். ஒரு சாண் உயர்த்தி, ஒரு கணம் நிறுத்தி, தங்கூசி தளராமல் மெதுவாக இறக்குங்கள். வோல்ஐ கடிப்பது இறங்கும்போதுதான். விரலில் ஒரு சிறு தட்டு, அல்லது திடீரென எடை குறைந்தது போன்ற உணர்வு, அவ்வளவே. தங்கூசியைத் தளரவிட்டு இறக்குபவருக்கு அந்தத் தட்டே தெரியாது. பக்கத்திலிருப்பவருக்கு மட்டும் மீன் விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வோல்ஐயின் கண் மங்கல் ஒளிக்கு ஏற்றது. ஆகவே காலை, மாலை, அல்லது காற்று தண்ணீரைக் கலக்கும் மேகமூட்ட நாள் நல்லது. வெயிலடிக்கும் கண்ணாடித் தண்ணீரில் ஆழம் மாறிப் பாருங்கள். கூரிய பல்லுள்ள பைக் (pike) மீன் தங்கூசியை அறுத்துக்கொண்டு போகும். கம்பி கட்டினால் வோல்ஐ கடிப்பது குறையும். அதனால் ஆளுக்கு 25 ஜிக் கொண்டுபோவதே மேல். தூண்டில் முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் அமுக்கிவிடுங்கள். கையில் ஏறினாலும் வெட்டாமல் கழற்றலாம்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்து ஐந்து பத்து நிமிடத்தில் நின்றால் பழுது என்று முடிவெடுக்க வேண்டாம். எரிபொருள் ரான்க் மூடியிலுள்ள காற்றுத் திருகு மூடியிருக்கும். அதைத் திறந்து, குழாயின் நடுவிலுள்ள குமிழைக் கெட்டியாகும்வரை அமுக்கி, மறுபடி இழுங்கள். தொடக்கத்திலேயே பிடிக்கவில்லையென்றால் சிவப்புப் பாதுகாப்புக் கயிறு செருகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஏரிகளின் தண்ணீர் தேயிலைச் சாயம். அரை மீற்றர் கீழே கிடக்கும் பாறை தெரியாது. முதல்நாள் முன்னால் ஒருவர் பார்த்துச் சொல்ல, மெதுவாக ஓட்டுங்கள். ஜூன் தண்ணீரில் விழுந்தால் குளிர் அதிர்ச்சியில் மூச்சுத் திணறும், நீந்தத் தெரிந்தவருக்கும் அதே கதிதான். அங்கி இருக்கையின் கீழே இருப்பதில் பயனில்லை, போட்டிருக்க வேண்டும். கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. செய்மதிவழிச் செய்திக் கருவி ஒன்றாவது வேண்டும். ஏரியின் பெயரும் விமான நிறுவனத்தின் தொலைபேசி எண்ணும் வீட்டில் எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும்.

சாப்பிட 35 முதல் 45 செ.மீ. வோல்ஐ எடுங்கள். பெரியவற்றை விட்டுவிடுவதே முறை: அவை முட்டையிடும் பெண் மீன்கள், பாதரசமும் அவற்றில்தான் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். பிடித்தவுடன் செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டால் தசை வெண்மையாக இருக்கும். செவுள் மூடிக்குப் பின்னால் முதுகெலும்புவரை வெட்டி, கத்தியைப் படுக்கவைத்து வால்வரை இழுங்கள். பிறகு விலா முள்ளைச் சீவி, நடுக்கோட்டிலுள்ள ஊசிமுள் வரிசையை இருபுறமும் வெட்டி எடுங்கள். கன்னத்திலுள்ள வட்டச் சதையைத் தவறவிடாதீர்கள், மீனிலேயே அருமையான துண்டு அதுதான்.

ஒரு கிலோ சதைக்கு இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு தேக்கரண்டி மஞ்சள், இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு தேசிக்காய். இருபது நிமிடம் ஊறினால் போதும். கறிவேப்பிலை போட்டவுடன் பொரியும் சூட்டில் மூன்று நான்கு நிமிடம். ஒரேயடியாக நிறையப் போட்டால் எண்ணெய் ஆறி மீன் எண்ணெய் குடிக்கும். குழம்புக்கு வோல்ஐ உடைந்துபோகும். பைக்கின் கெட்டியான சதை தாங்கும், கவைமுள் மட்டும் கவனம். இரண்டிலும் நாடாப்புழு இருக்கலாம், ஆகவே அரைவேக்காடு கூடாது.

குடலும் தலையும் கபின் துறையடியில் கிடந்தால் இரவே கரடி வரும். கபின்காரர் காட்டிய இடத்தில், பெரும்பாலும் தூரத்துப் பாறைத்தீவில், கொட்டுங்கள்; கடற்பறவையும் கழுகும் முடித்துவிடும். பொரித்த எண்ணெயை ஊற்றாமல் அடைத்துத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரும் சதையில் தோல் இருக்கட்டும். இன்ன மீன் என்று அதிகாரி பார்த்தறிய வேண்டும். எத்தனை மீன் என்று எண்ணத் தெரியும்படி தட்டையாக, ஒட்டிக்கொள்ளாமல் உறையவைத்து, ஒவ்வொருவருடையதையும் தனிப் பையில் பெயரெழுதிக் கட்டுங்கள். ஆறு பேரின் மீனும் ஒரே பையில் கிடந்தால் வழியில் மறிக்கும்போது அது யாருடைய கணக்கு என்று காட்ட வழியிருக்காது.