கனடா வாத்து வேட்டை: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் சஸ்காட்செவான், மானிட்டோபா மாகாணங்களின் சமவெளிகளில் இலையுதிர் காலம் தொடங்கியதும், அறுவடை முடிந்த கோதுமை, பார்லி, பட்டாணி வயல்களில் கனடா வாத்துகளும் பனி வாத்துகளும் ஆயிரக்கணக்கில் இறங்கி மேய்கின்றன. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வலசை போகும் வழியில் அவை இங்கே தங்கிக் கொழுக்கும் அந்த வாரங்களே வேட்டைப் பருவமும் ஆகும். புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் எந்தத் துப்பாக்கி வாங்குவது, எந்த உடை அணிவது என்பதிலேயே கவனத்தைச் செலவழிக்கிறார்கள். வேட்டையின் பெரும்பகுதியோ முந்தைய நாள் மாலையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதை உணராமல் செய்யும் தவறுகளால்தான் பறவை கிடைக்காமல் போகிறது; அதைவிட வருந்தத்தக்க வகையில், காயம்பட்ட பறவை எங்கோ போய் விழுந்து வீணாகச் சாகிறது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு வாத்துகளை வேட்டையாடுவது குற்றமாகும். கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தை நாம் கண்டு மகிழலாம், அவ்வளவே. ஆகவே இங்கே சொல்லப்படுபவை கனடாவில் வாழ்ந்து, உரிய உரிமங்களைப் பெற்று வேட்டைக்குச் செல்பவர்களுக்கானவை. அந்த உரிமங்களிலேயே முதல் தவறு நேர்கிறது. துப்பாக்கி உரிமமும் மாகாண வேட்டை உரிமமும் கையில் இருந்தால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வலசைப் பறவைகள் 1916இல் கையெழுத்தான கனடா–அமெரிக்க உடன்படிக்கையின் பாதுகாப்பில் இருப்பவை என்பதால், அவற்றுக்கு மத்திய அரசின் தனி அனுமதிச் சீட்டும், அதோடு சேர்ந்த வாழிடப் பாதுகாப்பு முத்திரையும் தேவை. ஒரு நாளில் எத்தனை பறவைகள், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்பன மாகாணத்துக்கு மாகாணம் மாறுவதால், சென்ற ஆண்டின் விதிகளை நம்பாமல் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட்டே கிளம்ப வேண்டும்.

அடுத்தது, வயலைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறு. வாத்துகள் இரவில் ஏரியிலோ ஆற்றிலோ அடைந்து, விடியலில் வயலுக்குப் பறந்து மேய்ந்து, முற்பகலில் நீருக்குத் திரும்பி, மாலையில் மீண்டும் ஒருமுறை மேயச் செல்லும். பார்வைக்கு நன்றாக இருக்கும் ஏதோ ஒரு வயலில் போய்ப் படுத்துக்கொண்டு, மேலே பறப்பவற்றை அழைத்து இறக்கிவிடலாம் என்று நம்புவது வீண். மாலையில் அவை நீரிலிருந்து கிளம்புவதைத் தூரத்தில் இருந்து பார்த்து, வண்டியில் பின்தொடர்ந்து, எந்த வயலில் இறங்குகின்றன என்பதோடு நில்லாமல், அந்த வயலின் எந்த மூலையில், எந்த மேட்டில் மேய்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையிலும் அவை பெரும்பாலும் அதே இடத்துக்குத்தான் வரும். நூறு மீட்டர் தள்ளிப் படுத்தவர் நாள் முழுவதும் பிறர் தலைக்கு மேல் பறவைகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். அவை அடையும் நீர்நிலையிலேயே சென்று சுடுவது எளிதாகத் தோன்றினாலும், அங்கே ஒருமுறை கலைந்த கூட்டம் அந்த வட்டாரத்தையே விட்டுப் போய்விடக்கூடும் என்பதால் அனுபவமுள்ளவர்கள் அதைச் செய்வதில்லை. வயல் கிடைத்ததும் அதன் உரிமையாளரைத் தேடிச் சென்று அனுமதி கேட்க வேண்டும். சஸ்காட்செவானில் 2022 முதல், அறிவிப்புப் பலகை இல்லாத தனியார் நிலமானாலும் முன் அனுமதி இன்றி நுழையக் கூடாது.

மறைவிடத்தை அலட்சியமாக அமைப்பதுதான் புதியவர்களுக்கு அதிக நாள்களை வீணாக்கும் தவறு என்பது என் கருத்து. வயலின் நடுவே படுத்துக்கொள்ளும் கூடாரம் போன்ற மறைவிடங்கள் கடையில் இருந்து வந்தபடியே பளபளக்கும். அவற்றின் துணியில் முதலில் சேற்றைப் பூசிக் காயவைத்து மினுமினுப்பை நீக்கிவிட்டு, பிறகு அதே வயலின் தாள்களைப் பிடுங்கிச் செருக வேண்டும். கோதுமை வயலுக்காகச் செருகிய வெளிர்மஞ்சள் தாளோடு பட்டாணி வயலில் போய்ப் படுத்தால், மேலிருந்து பார்க்கும் வாத்துக்கு அது தனித்துத் தெரியும். சூரியன் ஏற ஏற மறைவிடத்தின் நிழல் கருமையாக விழுவதால், சிறு பள்ளமோ வரப்போ இருக்கும் இடத்தில் தாழ்வாக அமைப்பது நல்லது. இவ்வளவும் செய்துவிட்டு, கூட்டம் வட்டமிடும்போது முகத்தை உயர்த்தி அண்ணாந்து பார்ப்பவர்கள் அனைத்தையும் கெடுத்துவிடுகிறார்கள். வெளிறிய முகம் மேலிருந்து மிக எளிதில் கண்ணில் படுவது. முகத்தை மூடிக்கொண்டு, கண்களை மட்டும் அசைக்கப் பழக வேண்டும்.

பறக்கும் கூட்டத்தை ஏமாற்றி இறக்குவதற்காக வயலில் வைக்கும் பொம்மை வாத்துகளை அடுக்கும்போது காற்றை மறந்துவிடுவது இன்னொரு தவறு. வாத்துகள் எப்போதும் காற்றை எதிர்த்தே இறங்கும். எனவே காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி படுத்து, முன்னால் இருபது, இருபத்தைந்து மீட்டரில் ஒரு வெற்றிடம் விட்டு, அதன் இரு பக்கமும் பொம்மைகளைத் தளர்வாகப் பரப்ப வேண்டும். நெருக்கி அடுக்கினால் இறங்க இடமில்லாமல் அவை விலகிப்போகும். கழுத்தை உயர்த்தி நிற்கும் பொம்மைகள் அதிகமானால் கூட்டம் மிரண்டிருப்பதாக மேலிருப்பவை எண்ணும் என்பதால், தலை குனிந்து மேயும் பொம்மைகளே மிகுதியாக இருக்க வேண்டும். விடியலில் அவற்றின் மேல் படியும் உறைபனியைத் துடைத்துவிடவும் வேண்டும். வாத்தின் குரலில் அழைக்கும் ஊதுகுழலை ஓயாமல் ஊதுவதும் தவறுதான். பறவைகள் விலகும்போது அழைத்து, சிறகடிப்பதை நிறுத்தி இறங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம்.

இனி, எல்லாவற்றிலும் கடுமையான தவறுக்கு வருவோம். அது எட்டாத தொலைவில் சுடுவது. பெரிய கனடா வாத்தின் சிறகு விரிப்பு ஒன்றரை மீட்டரைத் தாண்டும். அந்த உருவப் பெருக்கத்தால் ஐம்பது, அறுபது மீட்டரில் பறக்கும் பறவைகூடக் கைக்கெட்டும் தூரத்தில் மெதுவாகப் பறப்பதுபோல் தோன்றும். அந்தத் தொலைவில், தோட்டாவிலிருந்து பாயும் சிறு குண்டுகளான ரவைகள் சிதறி, உடலை ஊடுருவும் வேகத்தையும் இழந்திருக்கும். பறவை ஓரிரு ரவைகளை உடலில் ஏந்திக்கொண்டு பறந்துபோய், கண்ணுக்கெட்டாத இடத்தில் நாள் கணக்கில் துன்புற்று மடியும். இதைவிட வேதனையான ஒன்று இந்த வேட்டையில் இல்லை. மறைவிடத்தில் இருந்து முப்பது மீட்டரை அளந்து அங்கே ஒரு குச்சியோ தனிப் பொம்மையோ நட்டுவைத்து, அதைத் தாண்டியவற்றைச் சுடுவதில்லை என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ள வேண்டும். கூட்டமாக வருவதைக் கண்டு பொதுவாகச் சுடுபவர்களும் பெரும்பாலும் காயப்படுத்தவே செய்கிறார்கள். ஒரு பறவையைத் தேர்ந்து, அதன் உடலை அல்லாமல் தலையை நோக்கி, பறக்கும் திசையில் துப்பாக்கியைச் சற்று முன்னே கொண்டுபோய்ச் சுட வேண்டும்.

தோட்டாவும் இதில் சேர்ந்ததே. வயலிலும் சதுப்பிலும் விழுந்த ஈய ரவைகளை, இரையை அரைப்பதற்காக விழுங்கும் சிறு கற்களோடு சேர்த்து விழுங்கிய நீர்ப்பறவைகள் நஞ்சேறி இறந்ததால், வாத்து வேட்டையில் ஈயத்தை அமெரிக்கா 1991இலும் கனடா 1999இலும் நாடு முழுவதும் தடைசெய்தன. இப்போது பரவலாகப் பயன்படும் எஃகு ரவை ஈயத்தைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்தது. ஆகையால் பெரிய ரவைகள் தேவைப்படுகின்றன. துப்பாக்கிக் குழலின் வாயை அளவுக்கு மீறிக் குறுக்கும் சோக்கும் எஃகுக்குப் பொருந்தாது. பருவம் தொடங்குமுன் முப்பது மீட்டரில் பெரிய தாளைக் கட்டிச் சுட்டு, ரவைகள் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்காமல் வயலுக்குப் போகக் கூடாது. துப்பாக்கியில் ஒரே நேரத்தில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருப்பதும் சட்டவிரோதம்.

இனம் தெரியாமல் சுடுவது சில வேளைகளில் ஈடுசெய்யவே முடியாத தவறாகிவிடும். பனி வாத்தின் வெள்ளை உடலும் கருஞ்சிறகு நுனியும், அதே சமவெளி வழியாக அதே வாரங்களில் டெக்சஸுக்குச் செல்லும் ஹூப்பிங் கொக்குக்கும் உண்டு. 1940களின் தொடக்கத்தில் இயற்கை வாழிடங்களில் இருபத்துச் சொச்சமாகக் குறைந்து, பெரும் முயற்சியால் மீட்கப்பட்டுவரும் பறவை அது. பறக்கும்போது வாலைத் தாண்டிப் பின்னால் நீளும் கால்களே அதன் அடையாளம்; வாத்துக்கு அப்படி நீளாது. சிறகு முழுவதும் வெள்ளையாக இருந்தால் அது அன்னம். ஐயம் எழுந்தால் சுடக் கூடாது. விடியலின் அரையிருளில் ஐயம் எழாத நேரம் குறைவு.

கூடப் படுத்திருப்பவர்களோடு யார் எந்தப் பக்கம் சுடுவது என்பதைப் பேசி முடிவுசெய்த பிறகே தோட்டாவை நிரப்ப வேண்டும். விழுந்த பறவையை, அடுத்த கூட்டம் வருகிறது என்பதற்காகக் கிடக்கவிடாமல், உடனே போய் எடுக்க வேண்டும். எடுக்க முயல்வது அங்கே சட்டக் கடமையும்கூட. காயத்தோடு ஓடும் பறவையைத் தேடிப் பிடிக்க நன்கு பழகிய நாய் பேருதவி செய்யும். வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் ஆய்வாளர் இனத்தை அறியும்படி, இறகோடு கூடிய ஒரு சிறகையாவது உடலோடு விட்டுவைக்க வேண்டும். வெயில் ஏறிய நாள்களில் பறவைகளைக் குவியலாகப் போடாமல் காற்றோட்டமாகப் பரப்பிவைத்து, விரைவில் குடலை நீக்கிக் குளிரவைத்தால் இறைச்சி கெடாது.