மஞ்சப்பை மட்டும் போதுமா? நல்ல கடை நடத்த நினைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ஈரோட்டுப் பக்கம் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஜிஎஸ்டி தாக்கல், வருஷக் கடைசியில் வரவு செலவு, நடுநடுவே பேங்க் லோனுக்கு ஒரு ரிப்போர்ட். ஏழெட்டு வருஷமாக என்னிடம் வருபவர்களில் ஒரு புதுக்கூட்டம் சேர்ந்திருக்கிறது. மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி, சிறுதானிய மாவு, இயற்கைச் சாயத் துணி, பாக்குமட்டைத் தட்டு என்று தொழில் செய்பவர்கள். பாதிப் பேர் ஐடி வேலையை விட்டு வந்தவர்கள். "காசுக்காக மட்டும் இதைப் பண்ணலீங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். நம்புகிறேன். ஆனால் நான் பார்ப்பது அவர்களுடைய கடை முகப்பை அல்ல, பில் கட்டையும் பேரேட்டையும். சில தவறுகள் அங்கேதான் கண்ணில் படும்.

எல்லோரும் தொடங்குவது பையில். நான் முதலில் பார்த்த பெரிய நஷ்டமும் பையில்தான். ஒருவர் கடை திறப்பதற்கு முன்பே ஐயாயிரம் பை அச்சடித்து வைத்திருந்தார். பச்சை இலைப் படம், கீழே "பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்". தொட்டுப் பார்த்தால் துணி மாதிரியே இருக்கும். ஓரத்தைத் தீக்குச்சியில் காட்டினேன். சாம்பலாகவில்லை, உருகிச் சொட்டியது. நான்‑வோவன் என்று விற்கும் அந்தப் பை பாலிபுரோப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அதுவும் ஒன்று. உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. இது பலருக்கும் இன்றுவரை தெரியாது. தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பேப்பர் கப் தடை செல்லும் என்று 2023 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. நான்‑வோவன் பையைப் பற்றி மட்டும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மறுபடி பரிசீலிக்கட்டும் என்றார்கள். ஆகவே ஆர்டர் கொடுக்கும் முன் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பை விற்பவரிடம் கேட்டால் அவர் வேறென்ன சொல்லப்போகிறார்?

பேப்பர் கப்பைத் தடை செய்தது அரசின் பிடிவாதம் மட்டுமல்ல. கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட முடிவின்படி, அந்தக் கப்பில் 100 மில்லி சூடான பானம் 15 நிமிடம் இருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன. இயற்கை உணவுக் கடையில் சுக்குக் காப்பியை அதில் ஊற்றிக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். டம்ளரைக் கழுவ ஒரு ஆள் வைத்தால் கதை முடிந்தது.

சரி, பருத்திப் பைக்கு மாறிவிட்டால் நிம்மதியா? அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் ஓர் ஒப்பீடு வெளியிட்டது. புவி வெப்பமாதலை மட்டும் கணக்கில் எடுத்தால், ஒரு முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். இதைக் காட்டிப் பிளாஸ்டிக்கே மேல் என்று வாதாடுபவர்கள் உண்டு. அது சரியில்லை. நம்மூர்ச் சாக்கடை அடைப்பும் மாட்டு வயிற்றுக்குள் போகும் பையும் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் ஒன்று உறுதி: வாங்க வருபவருக்கெல்லாம் ஒவ்வொரு முறையும் இலவசமாகப் புதுத் துணிப்பை கொடுப்பது தப்பு. வீட்டுப் பரணில் நாற்பது மஞ்சப்பை சும்மா கிடப்பதால் யாருக்கு லாபம்? பைக்கு விலை வையுங்கள். வீட்டிலிருந்து பையோ தூக்குவாளியோ கொண்டுவருபவருக்கு இரண்டு ரூபாய் குறையுங்கள். என் கடைக்காரர் ஒருவர் கண்ணாடி பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, காலி பாட்டில் திரும்பி வந்தால் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். கண்ணாடி திரும்பி வந்தால்தான் அர்த்தம். வராவிட்டால் அது கனத்த குப்பை, லாரி வாடகையும் கூட.

மக்கும் பிளாஸ்டிக் என்று விற்கும் பையைப் பற்றிச் சுருக்கமாக: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும், ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தரக் குறிப்பும் இல்லையென்றால் வாங்காதீர்கள். இருந்தாலும், அந்தத் தரச் சோதனை நடப்பது 58 டிகிரி செல்சியஸ் சூட்டில், உரமாக்கும் ஆலையின் நிலைமையில். கொல்லைப்புறக் குப்பைக்குழியில் அந்தச் சூடு வராது. "மண்ணில் போட்டால் மக்கிவிடும்" என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வாக்குக் கொடுப்பது என்றதும் லேபிள் ஞாபகம் வருகிறது. "இது பியூர் ஆர்கானிக்குங்க" என்றார் ஒருவர். யார் சொன்னது என்றேன். "வெளையவெக்கிறது எங்க சித்தப்பா." சித்தப்பா நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் பாக்கெட்டில் அந்தச் சொல்லை அச்சடிக்க அது போதாது. ஆர்கானிக் என்று விற்க என்பிஓபி (மத்திய அரசின் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம்) சான்றோ பிஜிஎஸ்‑இந்தியா சான்றோ வேண்டும். முதலாவதை வழங்க நம் மாநிலத்துக்கென்றே கோவையில் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்கிறது. இரண்டாவது, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்றளிக்கும் முறை. செலவு மிகக் குறைவு, சிறு விவசாயிக்குத் தோதானது. விளைவித்தவரே நேராகச் சாப்பிடுபவரிடம் விற்கும்போது சிறு உற்பத்தியாளருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. நடுவில் நீங்கள் கடை வைத்து விற்றால் அந்த விலக்கைக் காட்ட முடியாது.

இன்னொன்று, ரசாயனத்தை விட்ட மறுநாளே நிலம் இயற்கை நிலம் ஆகிவிடாது. ஒரு வருஷத்துக்குள் அறுவடையாகும் பயிருக்கு விதைப்பதற்கு முன் இரண்டு வருஷம், தென்னை, மா போன்றவற்றுக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று வருஷம் மாறுதல் காலம் என்று விதி இருக்கிறது. "மாறுதல் காலத்து விளைச்சல்" என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் வாங்க ஆள் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப் பூச்சு விளம்பரங்களுக்கென்றே, அதாவது இல்லாத பசுமையை இருப்பதாகக் காட்டும் விளம்பரங்களுக்கென்றே, நெறிமுறை வெளியிட்டது. சுற்றுச்சூழலுக்கு உகந்தது, பசுமையானது, இயற்கையானது, தூய்மையானது போன்ற சொற்களை விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் போடக் கூடாது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்த ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. மூன்று பேர் வேலை பார்க்கும் கடையைத் தேடி யார் வரப்போகிறார்கள் என்று கேட்பார்கள். வராமலும் போகலாம். ஆனால் ஒருவர் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் போதும்.

கருப்பட்டி விற்பவர்கள் இதில் தனி ரகம். சர்க்கரை கலந்த கருப்பட்டி சந்தையில் தாராளமாக ஓடுகிறது. வாங்கி விற்கும் கடைக்காரர் ஏமாற்றுக்காரர் அல்ல, அவரே ஏமாந்தவர். ஆனால் பில்லைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். பனையேறக் கூலி, பதநீர் காய்ச்ச விறகு எல்லாம் போட்டால் அந்த விலைக்கு வரவே வராது. போதாததற்கு மேலே உடன்குடி என்று அச்சடித்திருப்பார்கள். உடன்குடி பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. எங்கோ காய்ச்சியதற்கு அந்த ஊர்ப்பெயரைப் போட முடியாது.

இனி, பேரேட்டில் எனக்கு உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். பாக்கி.

ஒரு கடை. மண்நிறக் காகித லேபிள், சணல் கயிறு, ஒவ்வொரு பொருளிலும் அதைச் செய்த பெண்களைப் பற்றி நாலு வரி. அந்தப் பெண்கள் ஒரு மகளிர் சுய உதவிக் குழு. அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணம் நாலு மாசமாக நிலுவை. அதே மாசத்தில் போட்டோ எடுத்தவருக்கும் இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கும் ரொக்கமாகப் போயிருக்கிறது. கேட்டேன். "அவங்க நம்ம ஆளுங்கதானே, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். ஒன்றும் சொல்ல மாட்டார்கள்தான். குழு லோனுக்கு மாசா மாசம் தவணை கட்ட வட்டிக்கு வாங்கியிருப்பார்கள். உங்கள் கடையை நடத்துவது அவர்கள் வாங்கிய கடன்.

"விற்றால் காசு" என்று சரக்கை வாங்கி வைப்பதும் இதே ரகம். விற்காத சரக்கு மூன்று மாசம் கழித்துத் தூசியும் கசங்கலுமாகத் திரும்பிப் போகும். நஷ்டம் முழுக்கச் செய்தவர் தலையில். புதுப்பொருள் ஓடுமா என்று பார்க்க ஒரு தடவை அப்படி வாங்கலாம். அதையே வழக்கமாக்குவது நியாயம் இல்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2006ஆம் வருஷக் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டுவட்டி. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தப்படி, கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. கொடுத்த வருஷத்தில்தான் காட்டலாம். இதைச் சொன்ன பிறகுதான் சிலர் அவசரமாகச் செக் எழுதினார்கள். எப்படியோ பணம் போய்ச் சேர்ந்தது. உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. உங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் குழுவுக்கு அந்தப் பதிவைப் போட்டுக் கொடுங்கள். அந்தச் சட்டம் உங்கள் மேலேயே பாயும் என்பது தெரிந்தும் அதைச் செய்பவர் நல்ல முதலாளி.

பாக்கி சேருவதற்குப் பேராசை காரணம் இல்லை, விலையைத் தப்பாகப் போடுவதுதான் பெரும்பாலும் காரணம். ஒரு லிட்டர் செக்குக் கடலை எண்ணெய்க்கு இரண்டேகாலிலிருந்து இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 என்று வைத்துக்கொள்வோம். 2.4 கிலோவுக்கு 288 ரூபாய். புண்ணாக்கு விற்ற காசு 55 ரூபாய் கழித்தாலும் 233 நிற்கிறது. இனிமேல்தான் ஆள்கூலி, கரண்ட், வாடகை, பாட்டில், வரி எல்லாம். "சாமானியருக்கும் நல்ல எண்ணெய் போய்ச் சேரணும்" என்று ஒருவர் 240க்கு விற்றார். ஆறு மாசத்தில் இரண்டில் ஒன்று நடந்தே தீரும்: ஆள் கூலியில் கை வைப்பார், இல்லாவிட்டால் சொத்தைப் பருப்பு வாங்குவார். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்லாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். ரசாயனம் இல்லாத எண்ணெய் கேட்டு வந்தவருக்கு அதைத்தான் ஊற்றிக் கொடுப்பார். 240க்கு விற்றவர் கை வைத்தது ஆள் கூலியில்.

கூலி பற்றிப் பேசும்போது, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் ஒரு திருத்தம் வந்தது: வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும். ஒரு ஸ்டூல் விலை எவ்வளவு? தேனீக்களைக் காப்பதாகச் சுவரில் எழுதி வைத்திருக்கும் கடையில் பில் போடும் பெண் காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கிறாள். பத்துப் பேர் ஆனால் இஎஸ்ஐ, இருபது ஆனால் பிஎஃப். அதைத் தவிர்க்க ஒன்பதாவது ஆளோடு ரிஜிஸ்டரை மூடிவிட்டு மீதிப் பேருக்கு வவுச்சரில் சம்பளம் போடும் வித்தையை என்னிடம் கேட்டு வராதீர்கள்.

துணிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு "ஆர்கானிக் காட்டன்" என்று பனியன் விற்கிறோம். பஞ்சு எங்கே விளைந்தது என்று கேட்கிறார்கள். சாயம் எங்கே போட்டது என்று யாரும் கேட்பதில்லை. நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்தது பஞ்சு அல்ல, சாயத் தண்ணீர். பாசனத்துக்குக் கட்டிய அணை கழிவுத் தொட்டியானது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத சுத்திகரிப்பு முழுசாக நடைமுறைக்கு வந்தது அதன் பிறகுதான். உங்களுக்குச் சாயம் போட்டுத் தரும் பட்டறை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்திருக்கிறதா? அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். இயற்கைச் சாயம் என்றாலும் சாயம் துணியில் பிடிக்கப் போடும் உப்பு எது என்று கேளுங்கள். படிகாரம் என்றால் பரவாயில்லை, குரோமியம் உப்பு என்றால் அதை இயற்கை என்று சொல்லாதீர்கள்.

காட்ஸ் (ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச் சான்று) பெற்ற துணியை வாங்கி, சான்றில்லாத யூனிட்டில் தைத்து, காட்ஸ் முத்திரை குத்துவதும் தப்பு. பஞ்சு அரவையிலிருந்து (ஜின்னிங்) தையல் வரை சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும், ஒவ்வொரு கைமாறலுக்கும் பரிவர்த்தனைச் சான்று வேண்டும். அந்தச் சான்றையே போலியாகத் தயாரித்து ஏறத்தாழ 20,000 டன் பஞ்சு கைமாறியதை காட்ஸ் அமைப்பு 2020இல் இந்தியாவில் கண்டுபிடித்தது. பதினொரு நிறுவனங்களைத் தடை செய்தது. ஜெராக்ஸ் காப்பியை நம்பாமல், சான்று எண்ணை வழங்கியவரிடமே சரிபார்ப்பது நல்லது.

இதெல்லாம் ஒரே நாளில் யாராலும் முடியாது. பெருந்துறை ரோட்டில் எனக்குத் தெரிந்த ஓர் எண்ணெய்க் கடையில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. சாக்பீஸில் எழுதியிருக்கும்: நல்லெண்ணெய், பிஜிஎஸ் சான்று உண்டு. தேங்காய் எண்ணெய், வெயிலில் காய்ந்த கொப்பரை, கந்தகப் புகை போடவில்லை, சான்று இல்லை. கடலை எண்ணெய், மார்க்கெட் பருப்பு, மருந்து அடித்ததா என்று தெரியாது. அந்தப் பலகை வந்த மாசம் கடலை எண்ணெய் விற்பனை கொஞ்சம் குறைந்துதான் இருந்தது, கணக்கில் பார்த்தேன். அவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். அந்த வரி இன்னும் அழியாமல் இருக்கிறது. சிவகிரிப் பக்கம் ஒரு கடலை விவசாயியோடு பேசிக்கொண்டிருக்கிறார்.