விஸ்கி பரிசு வாங்கப் போகிறீர்களா? விலையைப் பார்க்கும் முன் ஆளைப் பாருங்கள்

ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் டூட்டி ஃப்ரீ கடையில் விஸ்கி வரிசை முன்னால் நின்று, எதை எடுப்பது என்று புரியாமல் விலைச் சீட்டுகளையே மேய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் குடிப்பவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. லேபிளில் நாலைந்து வார்த்தைகள் புரிந்தால் போதும்.

படி 1: விசாரணை

முதலில், அவர் குடிக்கிறாரா? எப்போதோ ஒரு கல்யாண வீட்டு மாடியில் கிளாஸும் கையுமாகப் பார்த்தது கணக்கில் வராது. டாக்டர் சொல்லி நிறுத்தியிருக்கலாம். கார்த்திகை மாதமென்றால் மாலை போட்டிருக்கலாம்.

அடுத்து, எப்படிக் குடிக்கிறார்? சோடாவோ கோலாவோ நிறைய ஊற்றிக் குடிப்பவருக்கு ஒன்று, ராவாகவோ கொஞ்சம் தண்ணீர் விட்டோ மெதுவாக உறிஞ்சுபவருக்கு வேறொன்று. அவரிடமே கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். அவரோடு வழக்கமாக உட்காரும் நண்பரிடம் கேளுங்கள். வீட்டில் அண்ணியிடம் கேட்டுவிடாதீர்கள், அது வேறு திசையில் போகும்.

படி 2: லேபிளைப் படிப்பது

ஸ்காட்ச் என்று போட்டிருந்தால் அது ஸ்காட்லாந்தில் வடித்து, அங்கேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடந்தது. ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இது அங்குள்ள சட்டம்.

சிங்கிள் மால்ட் என்றால், முளைகட்டிய பார்லியில் (அதுதான் மால்ட்) மட்டும், ஒரே டிஸ்டில்லரியில், அதாவது விஸ்கி வடிக்கும் ஒரே ஆலையில் செய்தது. ஒரே பீப்பாயிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பிளெண்டட் என்றால் பல டிஸ்டில்லரிகளின் மால்ட் விஸ்கியும், மற்ற தானியங்களும் சேர்த்துச் செய்யும் கிரெய்ன் விஸ்கியும் கலந்தது. ஜானி வாக்கர் பிளாக் லேபிள், சிவாஸ் ரீகல் எல்லாம் இந்த வகை. மட்டம் என்று ஒதுக்காதீர்கள். சோடா ஊற்றிக் குடிப்பவருக்கு 12 ஆண்டு பிளெண்டட் தாராளமாகப் போதும். விலை உயர்ந்த சிங்கிள் மால்ட்டைக் கோலாவில் கரைப்பதைப் பார்த்து நீங்கள்தான் வயிறெரிவீர்கள்.

லேபிளில் உள்ள வயது, அதில் சேர்ந்த விஸ்கிகளிலேயே இளையதன் வயது. அது பீப்பாயில் கழிந்த காலம் மட்டும்தான். பாட்டிலுக்குள் வந்தபின் வயது கூடாது. 18 என்ற எண் 12-ஐவிட உசத்தி என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். மரத்தின் ருசி அதிகம் இறங்கியிருக்கும், அது எல்லோருக்கும் பிடிக்காது. நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பது இன்னும் மோசம். ஸ்காட்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது.

காஸ்க் ஸ்ட்ரெங்த் என்று போட்டிருந்தால், தண்ணீர் கலந்து இறக்காமல் பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே அடைத்தது. பெரும்பாலும் 50 சதவீதத்தைத் தாண்டும். பழகாதவருக்கு வேண்டாம்.

படி 3: புகையா, பழமா?

பரிசு சொதப்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரத்தில் ஐலா என்ற தீவு. அங்கே பலரும் பார்லியைப் பீட் என்னும் கரிமண்ணை எரித்த புகையில் உலர்த்துவார்கள். லஃப்ரோய்க், ஆர்ட்பெக், லகாவுலின் மூன்றும் அப்படிப்பட்டவை. மூடியைத் திறந்தால் டிங்சர் போட்ட ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வாசம் வரும். அதற்கென்றே உயிரை விடுகிற ரசிகர்கள் உண்டு. மற்றவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுப் பாட்டிலை ஷோகேஸில் வைத்துவிடுவார்கள். அவருக்குப் புகை பிடிக்கும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பயமில்லாமல் எடுக்கக்கூடியவை கிளென்ஃபிடிக் 12, கிளென்லிவெட் 12. லேசான பழ வாசம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் இனிப்பும் கனமும் வேண்டுமென்றால் ஷெர்ரி ஒயின் பீப்பாயின் வாசம் ஏறியவை: பால்வெனி டபுள்வுட் 12, கிளென்ட்ரோனாக் 12. உலர்திராட்சை வாசனை தெரியும். கேக்கும் இனிப்பும் விரும்பிச் சாப்பிடுபவருக்கு இவை நன்றாகப் பொருந்தும்.

வாழ்நாள் முழுக்க பிளாக் லேபிளே குடித்தவருக்கு என் தேர்வு அதே ஜானி வாக்கரின் கிரீன் லேபிள் 15. கிரெய்ன் கலக்காமல் மால்ட்களை மட்டும் சேர்த்தது. பழகிய பெயர், புதிய ருசி.

வெளிநாட்டு நண்பருக்கோ மேலதிகாரிக்கோ இங்கிருந்து கொண்டுபோகிறீர்கள் என்றால் ஸ்காட்ச் வேண்டாம். பெங்களூரின் அம்ருத் ஃபியூஷன், அல்லது கோவாவின் பால் ஜான். அம்ருத் 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டை முதலில் இறக்கியதே கிளாஸ்கோ நகரில்தான். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். லேபிளில் வயது இல்லையே என்று அவர் கேட்டால் விளக்குங்கள்: நம் வெயிலில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குப் பத்து சதவீதம் அளவுக்கு ஆவியாகும், ஸ்காட்லாந்தில் இரண்டு சதவீதம்தான். இங்கே விஸ்கி சீக்கிரமே முதிர்ந்துவிடும்.

படி 4: கொண்டுவருவது

இந்தியாவுக்குள் ஒருவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது மொத்தம் 2 லிட்டர். டூட்டி ஃப்ரீ பாட்டில்கள் பல 1 லிட்டர் என்பதால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடையில் போட்டுத்தரும் சீல் வைத்த பையை வீடு சேரும்வரை பிரிக்காதீர்கள். டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி மதுரைக்கு உள்நாட்டு விமானம் மாறுகிறீர்கள் என்றால், மறுபடி செக்யூரிட்டியில் சிக்கும். சுங்கத்தில் பெட்டியை எடுத்ததும் பாட்டிலைச் சீல் பையோடே துணிக்குள் சுற்றி அதில் வைத்து, திரும்பச் செக்-இன் செய்துவிடுங்கள்.

படி 5: கொடுப்பது

பெரியவர்கள் கூடியிருக்கும் கூடத்தில் வைத்து நீட்டாதீர்கள். பெயர் தெரியாத துணிப்பையில் போட்டு, தனியாக இருக்கும்போது கொடுங்கள். பாட்டிலை ஒயின் போலப் படுக்க வைக்கக் கூடாது, ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். நிற்க வைத்து, வெயில் படாமல் வைக்கச் சொல்லுங்கள். சீல் உடைக்காத வரை வருடக்கணக்கில் கெடாது. திறந்து பாதிக்குக் கீழே போனபின் காற்று பட்டு மெல்ல வாசம் குறையும் என்பதால், அதற்குமேல் பத்திரப்படுத்தாமல் சில மாதங்களில் முடித்துவிடலாம்.