மூன்று நிமிட வானொலித் துண்டு: தனியாளாக ஒலிப்பதிவு வேலைக்கு வருபவர்களுக்கு

ஃப்ரீலான்ஸ் ஒலிப்பதிவில் இன்று ஒரு நேர்காணல் வரும், அடுத்த வாரம் ஒலிப்புத்தகம், அப்புறம் ஒரு மாநாடு, நடுவில் அருங்காட்சியகத்துக்கு ஒலி வழிகாட்டி. எதுவானாலும் ஒருவர் பேசுவதைத் தெளிவாகப் பதிந்து தொகுக்கத் தெரிய வேண்டும். அதற்கு மூன்று நிமிட நேர்காணல் ஒன்றை முழுசாகச் செய்து பாருங்கள். வேலை கேட்கும்போது மாதிரியாக அனுப்பவும் ஆகும்.

படி 1: அறை
மைக்கை விட அறை முக்கியம். ஒரு முறை கை தட்டுங்கள்; சத்தம் எதிரொலித்தால் வேறு அறை பாருங்கள். திரைச்சீலை, மெத்தை, புத்தக அலமாரி உள்ள அறை நல்லது. ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாம் நிற்கட்டும். ஃப்ரிட்ஜை நிறுத்தினால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். கிளம்பும்போது திரும்பப் போட மறக்காது.

படி 2: அளவுகள்
பதிவுக் கருவியில் வேவ் (சுருக்காத ஒலி) கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். எம்பி3 வேண்டாம். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதும். ‘காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்டுப் பேசவிட்டு, கருவியின் ஒலி அளவுகாட்டியில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி வையுங்கள். சிரித்தால் எகிறும், பூஜ்யம் வரையுள்ள இடைவெளி அதற்குத்தான். ஹெட்ஃபோனைக் கடைசி வரை கழற்றாதீர்கள்.

படி 3: கேட்பது
புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். நேர்காணல் தருபவர் பேசும்போது ‘ம்ம்’, ‘சரி சரி’ என்று சொன்னால் அதுவும் பதிவாகும், பிறகு பிரிக்க முடியாது. தலையை மட்டும் ஆட்டுங்கள். ஒரு மீனவரிடம் ‘எப்போது கடலுக்குப் போனீர்கள்?’ என்றால் ‘பன்னிரண்டு வயதில்’ என்று முடித்துவிடுவார். தொகுக்கும்போது உங்கள் கேள்வியை வெட்டினால் அந்தப் பதில் அந்தரத்தில் தொங்கும். ‘முதல் தடவை கடலுக்குப் போன நாளைச் சொல்லுங்களேன்’ என்று கேளுங்கள். பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம். கொஞ்சம் சும்மா இருந்தால், நல்ல வாக்கியம் பெரும்பாலும் அப்போதுதான் வரும்.

எல்லாம் முடிந்தபின் அதே அறையின் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். யாரும் அசையக் கூடாது. தொகுக்கும்போது வெட்டிய இடங்களை அடைக்க இதுதான் உதவும்; வெறும் மௌனத்தை வைத்தால் ஒலி அறுந்ததுபோல் கேட்கும்.

படி 4: தொகுப்பு
முதலில் மூலப்பதிவை இரண்டு இடங்களில் நகலெடுங்கள். தொடங்க ஆடாசிட்டி என்ற இலவசத் தொகுப்பு மென்பொருள் போதும். ‘நாங்க... அதாவது, நாங்க படகுல போனோம்’ என்பதில் முதல் ‘நாங்க’ தொடங்கும் இடத்திலிருந்து இரண்டாவது ‘நாங்க’வுக்குச் சற்று முன்பு வரை வெட்டுங்கள். அவர் மூச்சிழுக்கும் ஒலி வெட்டுக்கு இரு பக்கமும் நின்றால் இரட்டை மூச்சாகக் கேட்கும், ஒன்றை எடுத்துவிடுங்கள். இரண்டையும் எடுத்தால் இயந்திரம் பேசுவது போலாகும்.

படி 5: ஒப்படைப்பு
சத்த அளவைக் காதால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஐரோப்பிய ஒலிபரப்பின் ஆர்128 பரிந்துரை மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (முழுத் துண்டும் காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதன் அளவு) கேட்கிறது. பாட்காஸ்டுக்கு மைனஸ் 16 பக்கம் வைப்பது வழக்கம். நிலையத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

கூலி பேசும்போது நிமிடக் கணக்கில் ஒப்புக்கொள்ள வேண்டாம். மூன்று நிமிடத் துண்டுக்கு முழு நாளே போகலாம். எத்தனை முறை திருத்தம், மறு ஒலிபரப்பு உரிமை யாருக்கு, பணம் எந்தத் தேதிக்குள் என்பதையெல்லாம் பதிவுக்கு முன்பே மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.