முடி கொட்டினால் மலைத்தண்ணீரைத் திட்டாதீர்கள்

கொடைக்கானலுக்குக் குடிவந்த ஆறாவது மாதம் எனக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. "மலைத்தண்ணி ஒத்துக்கலை" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அதே சமயம் எங்கள் நாயும் சோஃபா முழுக்க முடியை உதிர்த்துவைக்க, தண்ணீர்தான் காரணம் என்று முடிவுகட்டி, குளிக்கவும் கேன் தண்ணீர் வாங்கினேன். நாய்க்கும் எனக்கும் ஒரே காரணம் என்று நினைத்ததுதான் தவறு.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் தன் கணக்கில் 2 முதல் 6 ஆண்டு வளர்ந்து, சுமார் 3 மாதம் ஓய்ந்திருந்து விழும். பக்கத்து முடி அப்போது வளர்ந்துகொண்டிருப்பதால், தினம் 50 முதல் 100 போனாலும் வெளியே தெரியாது. பல விலங்குகள் அப்படியல்ல. பகல் நீள்வதையும் குறைவதையும் கண் வழியாக உணர்ந்து, மெலடோனின், புரோலாக்டின் என்ற ஹார்மோன்களின் சுரப்பு ஏறி இறங்க, ரோமத்தை மொத்தமாக மாற்றிக்கொள்ளும். நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். போதாததற்கு வீட்டுக்குள் ராத்திரியும் விளக்கு வெளிச்சம். அதனால் வீட்டு நாய் வருஷம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்தால் பதற வேண்டாம்.

சரி, எனக்கு ஏன் கொட்டியது? மூன்று மாதம் முன்பு டைபாய்டில் படுத்திருந்தேன். கடும் காய்ச்சல், பிரசவம், திடீர்ப் பட்டினி போன்றவை நிறைய முடியை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். அவை விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்து. ஆகவே நேற்று மாற்றிய ஷாம்பூவைச் சந்தேகிக்காமல், காலண்டரைப் பின்னால் புரட்டுங்கள். இந்த வகை உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகும். அந்த நேரம் பார்த்துத் தேய்த்த எண்ணெய்க்குத்தான் பெயர் கிடைக்கும்!

அப்புறம், பழனி மொட்டை. மொட்டையடித்தால் அடர்த்தி கூடும் என்பார்கள். வேர்களின் எண்ணிக்கை மாறாது. வெட்டுப்பட்ட நுனி மழுங்கியிருப்பதால் கைக்குச் சொரசொரவென்று படும். வேண்டுதல் என்றால் தாராளமாகப் போடுங்கள், அடர்த்திக்காக வேண்டாம்.

நாய்க்கோ மொட்டையே வேண்டாம், அதிலும் பொமரேனியன் மாதிரி உள்முடி, வெளிமுடி இரண்டும் உள்ள இனத்துக்கு. நமக்கு மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்துவிடும். அதன் முடி ஓர் அளவு வளர்ந்ததும் நீண்ட ஓய்வில் இருப்பது. மழித்தால் திரும்ப வரப் பல மாதமாகலாம், சில சமயம் திட்டுத்திட்டாக வரும். வெயிலுக்கும் குளிருக்கும் அந்த ரோமம்தான் காப்பு. சீவிவிட்டால் போதும்.

கொடைக்கானல் பக்கத்து மன்னவனூர் ஆட்டுப்பண்ணையில் பார்க்கும் பாரத் மெரினோ செம்மறி இதற்கு நேரெதிர். கம்பளிக்காக மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் அது; ரோமம் நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே போகும். தானாக உதிரும் என்று விட்டால் சுமை ஏறி ஆடுதான் அவதிப்படும். வெட்டியே ஆகவேண்டும், ஆனால் மழையும் பனியும் இல்லாத நாளாகப் பார்த்து.

கடைசியாக ஒன்று, பூனை வளர்ப்பவர்களுக்கு. முடி வளர நீங்கள் தலைக்குத் தடவும் மினாக்சிடில் மருந்து பூனையின் உயிரையே எடுக்கக்கூடியது. மருந்து தடவிய தலை பட்ட தலையணையில் பூனையைப் படுக்கவிடாதீர்கள். பூனைக்கோ நாய்க்கோ வட்டவட்டமாக முடி போயிருந்தால் அது பருவ உதிர்வு அல்ல, படர்தாமரையாக இருக்கலாம், குழந்தைகளுக்கும் ஒட்டும். எண்ணெய் தேய்த்துக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.